தட்டில் எடுத்த இறால்

அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அவரைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள், அதனால் நானும் இதிலிருந்தே தொடங்குகிறேன். பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. "ஈரல் பாக்கிற ராத்தா" என்றால் மதுரங்குளியிலிருந்து கனமூலை வரைக்கும் இறால் பண்ணை வைத்திருந்த எல்லாருக்கும் தெரியும். ராத்தா என்றால் அக்கா. தாடி நரைத்தவர்கள்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அது மரியாதையா பயமா என்று நான் கேட்டதில்லை.

நான் அப்போது மதுரங்குளியில் இறால் தீன் விற்கிற ஒரு கடையில் வேலை செய்தேன். மூட்டைகளை ஏற்றி இறக்கச் சொல்வது, போன் எடுப்பது, முதலாளி உள்ளே இருக்கும்போதே அவர் இல்லை என்று சொல்வது, இவைதான் என் வேலை. கடைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. அதில் ஒரு மேசை, ஒரு மைக்கிரஸ்கோப், ஒரு கேத்தல், ராத்தா. தில்லையடியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். பர்தாவின் கையை முழங்கை வரைக்கும் சுருட்டி ஊசி குத்திக்கொண்டு உட்கார்ந்தாரென்றால் நடுப்பகல் லுஹர் தொழுகை வரைக்கும் எழும்ப மாட்டார்.

இறாலின் தலை ஓட்டைக் கழற்றினால் உள்ளே ஈரல் இருக்கும். பழுப்பு நிறம், பெருவிரல் நகத்தளவுதான். அதில் ஒரு துணுக்கைக் கிள்ளிக் கண்ணாடியில் வைத்து, மேலே இன்னொரு கண்ணாடியால் அழுத்திப் பார்ப்பார். எனக்கும் ஒருமுறை காட்டினார். கறி ஆணத்துக்கு மேலே எண்ணெய் மிதக்குமே, அப்படி வட்டம் வட்டமாய் நிறையத் தெரிந்தது.

"அதுதான் கொழுப்பு" என்றார். "இறால் தோல் கழற்றுறதுக்கும் வளர்றதுக்கும் சேத்து வச்சிரிக்கிற முதல். இது இரிக்கிற வரைக்கும் இறால் பிழைக்கும்."

பிறகு வேறொரு கண்ணாடியை வைத்தார். அதில் வட்டங்கள் இல்லை. சுருங்கிய குழாய்கள் மட்டும் கிடந்தன. அந்தக் குளத்து இறாலும் நன்றாகத்தான் தீன் தின்கிறது என்று அதன் சொந்தக்காரர் அப்போது வெளியே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. தின்றது, வளரவில்லை.

ஈரலின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஓர் உயிர் புகுந்து குடியிருக்கிறது என்று ராத்தா விளக்கினார். ஒரே உயிரணுவால் ஆன உயிர். ஊசிமுனையில் ஒரு கிராமமே உட்காரலாம், அவ்வளவு சிறிது. "முன்ன இதை ஒரு சாதியில எழுதியிருந்தாங்க, இப்ப வேற சாதிக்கு மாத்திட்டாங்களாம். இறாலுக்கு ரெண்டும் ஒண்டுதான்" என்றார். மலேரியாவைக் கொண்டுவருகிற உயிரும், மணல் ஈ கடித்துத் தோலில் புண் வைக்கிற உயிரும் அவர் கணக்கில் இதற்கு உறவுக்காரர்கள். இவற்றின் கொழுப்பைப் பற்றி எங்கெங்கோ அச்சடித்ததையெல்லாம் போனில் இறக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸில் படித்துவருவார். மற்றப் பெண்கள் அதே பஸ்ஸில் நாடகம் பார்ப்பார்கள்.

"இதுக்குத் தானாக் கொழுப்புச் செய்யத் தெரியாது, தங்கச்சி. எந்தக் காலத்திலயோ தெரிஞ்சிரிக்கி. குடியிருக்கிற வீட்டுல எல்லாம் சும்மா கிடைச்சதால மறந்துட்டுது. தன்ட மேல்தோலைக்கூட இறாலுட கொழுப்பை எடுத்துத்தான் கட்டுது. குட்டி போடுறதும் அதுலதான்."

"மருந்து இல்லையா ராத்தா?"

"புண் வைக்கிறதுக்கு இரிக்கி. அதுட தோல்ல இரிக்கிற கொழுப்பு எங்கட கொழுப்பு மாதிரி இல்ல, வேற. அந்த வித்தியாசத்தப் பிடிச்சி அடிக்கிற மருந்து இரிக்கி. இதுக்கு இல்ல."

இப்படித்தான் பேசுவார். 'இல்ல' என்றால் இல்லை. அதற்குப் பின்னால் 'அல்லாஹ் பாத்துக்கொள்வான்' என்றோ 'யோசிக்க வேணாம்' என்றோ வால் வராது. அவர் அல்லாஹ்வை நம்பாதவர் இல்லை, ஐந்து நேரமும் தொழுதவர். தனக்குத் தெரியாததை அல்லாஹ்வின் பெயரில் சொல்வது அவருக்குப் பிடிக்காது. "கண்ணுக்குப் பட்டதைச் சொல்றன், அதுக்கு மேல என்னட்ட இல்ல" என்பார். ஆட்கள் முகம் செத்து வெளியே போவார்கள். வாசலில் நிற்கும் என்னைப் பார்த்து, "நல்ல வார்த்தை ஒண்டு சொன்னா இவவுட வாய் தேஞ்சி போகுமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஆனாலும் அவர் இல்லாமல் முடியாது. எங்கள் பண்ணைகள் எல்லாம் கடலோரக் களப்பிலிருந்து வருகிற ஒரே வாய்க்காலில் வரிசையாக இருந்தன. மேலே உள்ளவர் திறந்துவிடுகிற தண்ணீரைத்தான் கீழே உள்ளவர் இறைத்தெடுக்க வேண்டும். ஒரு குளத்தில் நோய் வந்து அந்தத் தண்ணீர் வெளியே போனால் கீழே உள்ள அத்தனை குடும்பமும் முடிந்தது. ஆகவே பண்ணைக்காரர்களின் சங்கம் ஒரு முடிவு எடுத்திருந்தது. மதகைத் திறக்க முன் அந்தக் குளத்து இறாலில் மூன்றை ராத்தாவிடம் கொண்டுபோக வேண்டும். அவர் சரி என்றால் திறக்கலாம். இல்லை என்றால் தண்ணீரை உள்ளேயே மறித்து, குளோரின் போட்டு, அந்தப் போகத்தைக் கைகழுவ வேண்டியதுதான். கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும், ஆனால் பதில் வருகிற நேரத்தில் இறால் கறியாகி முடிந்திருக்கும். அவருடைய வாய்ச்சொல்தான் எங்களுக்குச் சட்டம்.

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. சோதனைக்கு இறால் கொண்டுவா என்றால் எங்கள் ஆட்கள் குளத்திலேயே வடிவான மூன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஏமாற்றுகிற எண்ணம் எல்லாருக்கும் இருந்தது என்று சொல்ல மாட்டேன். பெரிய இடத்துக்குப் போகும்போது பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டுத்தானே கூட்டிப்போவோம், அந்தப் புத்திதான். வாளிக்குள் நீலம் மின்ன, வால் விரித்து, மீசை நீட்டிக்கொண்டு கிடக்கும். ராத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "நான் என்ன பொண் பாக்கவா வந்திரிக்கிறன்? தட்டுல எடுத்ததா இது?" என்று கேட்பார்.

குளத்து ஓரத்தில் தீன் போட்டு இறக்குகிற தட்டு ஒன்று இருக்கும். அதை இழுத்ததும் கைக்கு முதலில் எது படுகிறதோ, சின்னதோ சொத்தியோ, அதைக் கொண்டுவர வேண்டும். அதுதான் அவர் கேட்டது. இல்லையென்றால் வாளியோடு திருப்பி அனுப்பிவிடுவார். ஹாஜியார், சங்கத் தலைவர் என்றெல்லாம் பார்க்கமாட்டார்.

ஒருநாள் அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர், உள்ளூர்ப் பெரிய குடும்பத்து ஆள், வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "வந்த இடத்துல ஒட்டிக்கொண்டு எங்கட சொத்தைத் தின்னுற ஆக்கள், எங்களுக்கே சட்டம் கதைக்கிறாங்க." ராத்தாவின் குடும்பம் தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்ந்து மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தது. அப்போது அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. நான் பயந்துபோனேன். ராத்தா கண்ணை மைக்கிரஸ்கோப்பிலிருந்து எடுக்கவே இல்லை. அண்ணன் என்ற மரியாதையோடு 'நானா' என்றே பேசினார்.

"ஒட்டுண்ணி தானா ஒண்டும் செய்யாது நானா, நான் அதைத்தான் நாள் முழுக்கப் பாத்துக்கொண்டிரிக்கிறன். உங்கட வாப்பாட உப்பளத்துல எங்கட வாப்பா எத்தின வருசம் உப்பு வாரினாரு எண்டு வீட்டுல கேளுங்க. கேட்டுட்டு வரக்குள்ள தட்டுல இரிக்கிறதைக் கொண்டு வாங்க."

அந்த மனிதர் மறுநாள் தட்டில் எடுத்ததைக் கொண்டுவந்தார்.

எனக்கு அவர்மேல் அன்பு வந்த கதை வேறு. கல்யாணமாகி மூன்றாம் வருடம் என் வயிற்றில் தங்கியிருந்த பிள்ளை ஆறாம் மாதத்தில் போய்விட்டது. வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். அல்லாஹ் இதைவிட நல்லதைத் தருவான், உனக்கு வயதிருக்கிறது, அது சொர்க்கத்தில் உனக்காகக் காத்துக்கொண்டிருக்கும், எல்லாம் சொன்னார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை, கல்லாய்க் கிடந்தேன். நான்காம் நாள் ராத்தா பஸ்ஸில் வந்து இறங்கினார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ள இனி வராது, தங்கச்சி" என்றார். என் மாமிக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நானோ அப்போதுதான் அவர் மடியில் தலைவைத்து அழுதேன். பின்னேரம் எழுந்துபோய்க் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு உண்மை, அதை வேறு யாரும் எனக்குத் தரவில்லை.

அவருக்குக் கல்யாணம் நடக்கவில்லை. உம்மா அகதி முகாமிலேயே மௌத்தாகிவிட, கைக்குழந்தையாய் இருந்த தம்பியை இவர்தான் வளர்த்தார். நிவாரண அரிசிக் கஞ்சியில் சோற்றைப் பிழிந்து அவனுக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீரைத் தான் குடித்திருக்கிறார். இதை அவர் சொன்னதில்லை. அந்தத் தம்பியே ஒருநாள் கடையில் நின்று சொன்னான். நல்ல பையன், சிரித்த முகம், கத்தாருக்குப் போய்வந்து கனமூலைப் பக்கம் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். அவன் குளம் வாய்க்காலின் மேற்பகுதியில். அதற்குக் கீழே மூன்றாவது எங்கள் குளம். என் கணவர் பார்த்துவந்தது.

ஒருநாள் அந்தத் தம்பி ஒரு வாளியோடு வந்தான். நான்தான் முன்னால் இருந்தேன், வாளிக்குள் பார்த்தேன். மூன்றும் தேடிப் பிடித்த மாப்பிள்ளைகள். ஓடு மின்னியது. அவன் முகம் மின்னவில்லை. சிரிக்காமல் அவனை நான் பார்த்தது அன்றுதான்.

ராத்தா வாளியைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். எல்லாரிடமும் கேட்கிற கேள்வி வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. முதலாவதை எடுத்துத் தலையைக் கழற்றினார். மூன்றையும் பார்த்தார், வழக்கத்தைவிட நெடுநேரம் பார்த்தார்.

"கொழுப்பு இரிக்கி" என்றார்.

"அப்ப திறக்கிறன் ராத்தா" என்று சொல்லிவிட்டு அவன் போனான். அவர் பொய் சொல்லவில்லை. அந்த மூன்று இறாலிலும் கொழுப்பு இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அன்று லுஹர் தொழுகைக்கு அவர் எழும்பவும் பிந்தியது.

அதன்பின் கீழே இருந்த குளங்களில் இறால் தின்றது, வளரவில்லை. தண்ணீரின்மேல் வெள்ளை நூல் நூலாய் எச்சம் மிதந்தது. எங்கள் குளத்திலும் அதுதான். என் கணவர் தட்டை இழுத்துப் பார்ப்பார், போட்ட தீன் முடிந்திருக்கும், சந்தோசப்பட ஒன்றும் இராது. குஞ்சு விட்டபோது இருந்ததைவிடக் கொஞ்சம் நீண்டிருந்தது, அதற்குமேல் போகவில்லை. கடைசியில் சுண்ணாம்பும் குளோரினும் போட்டுக் குளத்தை மூடினோம்.

சங்கம் மதரசா மண்டபத்தில் கூடியது. பெண்கள் பக்கத்தில் நானும் ராத்தாவும் இருந்தோம். குஞ்சு விற்றவன்மேல் பழியைப் போட்டு எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள், அது வசதியான பழி, குஞ்சு விற்றவன் அங்கே இல்லை. அப்போது ராத்தா எழும்பினார். தம்பி முன் வரிசையில் இருந்தான்.

"குஞ்சு இல்ல" என்றார். "எந்தத் தண்ணில வந்தது எண்டு நூத்துக்கு நூறு சொல்ல எனக்கு ஏலாது. ஆனா எங்கட தம்பி கொண்டு வந்தது தட்டுல எடுத்த இறால் இல்ல. பாத்த உடனே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் கேக்கல்ல. அவன்ட முகத்தப் பாத்துட்டுக் கேக்கல்ல."

தம்பி எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனான். அதன்பின் அவன் ராத்தாவோடு கதைக்கவே இல்லை. கத்தாருக்குத் திரும்பிப் போனவன் அங்கிருந்து ஒரு போன்கூட எடுத்ததில்லை. ராத்தா மன்னாரில், பழைய காணியில் போட்ட சின்ன வீட்டில், போன நோன்புக்கு முன் மௌத்தானபோதும் அவன் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கும் ஜனாஸா அடக்கம் முடிந்த பிறகுதான் தெரியவந்தது. போயிருப்பேன். கட்டாயம் போயிருப்பேன்.

அன்றைக்கு மண்டபத்தில் ஆட்கள் அவரைத் திட்டுவார்கள், அடிக்கவும் வருவார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். என் கணவரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. ஆனால் சங்கத் தலைவர் எழும்பி, "தாயில்லாப் புள்ளய வளத்த மனசு, இளகிட்டுது. ராத்தாவும் மனுசிதானே. மன்னிச்சி விடுவம்" என்றார். எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். சிலர் அழுதார்கள்கூட. எங்கள் ஊர் ஆட்களுக்கு மன்னிக்கத் தெரியும், அதை நான் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த மன்னிப்பு என்ன என்பது அடுத்த போகத்தில் தெரிந்தது. முதல் வாளி சங்கத் தலைவருடையது. உள்ளே மூன்று மாப்பிள்ளைகள். ராத்தா திருப்பி அனுப்பினார். தலைவர் கோபிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "தம்பிக்குச் செஞ்சதுதானே ராத்தா, எங்களுக்கும் பிள்ளகுட்டி இரிக்கி" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். ஒருவர் தன் மகளின் கல்யாணத்தைச் சொன்னார், இன்னொருவர் உம்மாவின் கண் ஆப்பரேசனைச் சொன்னார். முன்பு அவரிடம் உண்மையைக் கேட்டுவந்தவர்கள் இப்போது இரக்கத்தைக் கேட்டுவந்தார்கள். எல்லாரும் முன்னைவிட அன்பாகவே பேசினார்கள், அதுதான் கொடுமை. அவர் எல்லாரையும் திருப்பி அனுப்பினார். ஆனால் அவர்கள் போனபின் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ஆள் மெலிந்துகொண்டே வந்தார்.

கடைசி வாளியைக் கொண்டுவந்தவர் என் கணவர்.

எங்கள் குளத்தில் வெள்ளை நூல் மறுபடியும் மிதக்கத் தொடங்கியிருந்தது, அது எனக்குத் தெரியும். இரண்டாவது முறையும் மூடினால் பண்ணையை விட்டுவிட வேண்டியதுதான், அதுவும் தெரியும். எங்களுக்கு நேர் கீழே மாம்புரியிலிருந்து வந்த ஒரு குடும்பம் புதிதாகக் குளம் எடுத்திருந்தது. அவர்கள் அந்த வாரம்தான் குஞ்சு விட்டிருந்தார்கள், குளத்தை நிரப்ப இன்னும் தண்ணீருக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மதகு திறந்தால் தங்கள் பம்பைப் போடுவார்கள்.

நான் வாளிக்குள் பார்த்தேன். "இது தட்டுல எடுத்ததில்ல" என்று கணவரிடம் சொன்னேன். ராத்தாவுக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாய்ச் சொன்னேன். கணவர் என்னைப் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய் வாளியை மேசையில் வைத்தார்.

"ராத்தா, போன முறை எங்கட குளம் ஏன் போனது எண்டு உங்களுக்குத் தெரியும். நான் ஒரு வார்த்த கேக்கல்ல. மண்டபத்துலயும் கேக்கல்ல" என்றார்.

ராத்தா அவரைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாய் மூன்றையும் திறந்து பார்த்தார்.

"இந்த மூண்டுலயும் கொழுப்பு இரிக்கி."

"அப்ப தண்ணி விடலாம் தானே?"

அதுவரைக்கும் ராத்தா தன் கண்ணுக்குப் பட்டதற்குமேல் ஒரு சொல்கூடச் சொன்னதில்லை. தம்பிக்கும் சொல்லவில்லை.

"ஓம்" என்றார். "விடுங்க."

என் கணவர் வாளியை எடுத்துக்கொண்டு விரைந்து போனார். நான் அறைக்குள் போனேன். "ராத்தா, என்ன செஞ்சீங்க? கீழ அந்த மாம்புரி ஆக்கள் இரிக்கிறாங்க" என்றேன். அவர் கண்ணாடித் துண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, கையைத் துடைத்து, என் தலையில் கையை வைத்தார்.

"ஒண்டும் ஆகாது, தங்கச்சி" என்றார். "யோசிக்க வேணாம். எல்லாத்தையும் அல்லாஹ் பாத்துக்கொள்வான்."

நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து வெளியே வந்துவிட்டேன். பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னமே எங்கள் மதகைத் திறந்துவிட்டார்கள். கீழே மாம்புரிக்காரரின் பம்பு ஓடத் தொடங்கிய சத்தம் வீடுவரைக்கும் கேட்டது.